அடுக்களைப் புகையும் பத்து மதிப்பெண்ணும்

மதிப்பிற்குரிய தத்துவப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. தத்துவத்துக்குப் பாடம் வகுப்பவர்கள், கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் ஓர் அரசுக் கல்லூரியில் இதே பட்டம் படித்தவன். இப்போது வக்கீல் தொழில்.

போன வாரம் என் அக்கா மகள் ஒரு கேள்வித்தாளோடு வீட்டுக்கு வந்தாள். தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, இதுக்கு எத்தனை பக்கம் எழுதணும்?" என்று ஒரு கேள்வியைக் காட்டினாள். 'அனுமானம் பற்றி விவரி. 10 மதிப்பெண்.' அனுமானம் என்றால், தெரிகிற ஓர் அடையாளத்தை வைத்துத் தெரியாததை அறிவது. நான் எழுதிய அதே கேள்வி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அன்றைக்கு எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். கவுன்சலிங்கில் வேறு பிரிவு கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல். நானும் அதில் ஒருவன். ஒருநாள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார்: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையைப் போல. எழுதி முடித்துத் திரும்பி, "சரி, இதைத் திருப்பிப் போடலாமா? எங்கே நெருப்போ அங்கே புகை?" என்று கேட்டார். போடலாம் சார் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன். அவன் அப்பா ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். "இல்ல சார். எங்க பட்டறையில இரும்பு பழுத்துச் செவசெவன்னு கெடக்கும். பொட்டுப் புகை இருக்காது."

பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். நியாய சாத்திரக்காரர்கள், அதாவது பழைய இந்தியத் தர்க்க மரபினர், இதே இடத்தில் சொன்ன உதாரணமும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டுதான் என்றார். "அவங்க நூல்ல இருக்கு. நீ உங்க அப்பா பட்டறையிலேருந்து எடுத்துட்டு வந்துட்ட." பிறகு, "அப்போ புகை எதனால வருது?" என்று கேட்டார். முன் வரிசைப் பெண் ஒருத்தி, "விறகு ஈரமா இருந்தா வரும் சார். எங்க வீட்டு அடுப்பு அப்படித்தான்" என்றாள். அதுவும் நியாயத்தில் இருக்கிறது. நெருப்போடு ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. அந்த ஈர விறகுக்கு அவர்கள் வைத்த பெயர் உபாதி, அதாவது கூடவே இருந்தாக வேண்டிய நிபந்தனை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடப் படிப்பில் நான் தத்துவம் படித்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய மணி நேரங்களில் அது ஒன்று.

அப்புறம் தேர்வு வந்தது. அனுமானம் பற்றி விவரி. நான் நோட்ஸில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தேன்: இலக்கணம், தன்பொருட்டு அனுமானம், பிறர்பொருட்டு அனுமானம், ஐந்து உறுப்புகள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் தன் பட்டறையை எழுதினான். நெருப்பிலிருந்து புகைக்கு ஏன் போக முடியாது என்று இரண்டு பக்கத்துக்கு வாதம் செய்திருந்தான். எனக்கு முதல் வகுப்பு மதிப்பெண், அவனுக்கு அரியர். மூன்றாவது முறை எழுதித்தான் அந்தத் தாளைப் பாஸ் பண்ணினான். என் நோட்ஸை வாங்கி மனப்பாடம் செய்து. திருத்தியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. விவரி என்று கேட்டால், விவரித்தவனுக்குத்தானே மதிப்பெண் போட முடியும்? கேள்வியில்தான் கோளாறு.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: தத்துவப் பட்டத்தில் வாதம் செய்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள். யார் என்ன சொன்னார் என்பதை ஒப்பிக்கிறவருக்குக் கொடுப்பதில் ஒரு பாதியையாவது இந்தப் பக்கம் மாற்றுங்கள்.

இது வெளியிலிருந்து இறக்குமதி செய்கிற புதுமை இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் வைத்து மணிமேகலைக்குப் பாடம் நடத்துகிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (உதாரணத்தைப் பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பும் வரிசையாக வருகின்றன. அங்கும் அதே மலை, அதே புகை, அதே அடுக்களை. அதற்கு முன்பு 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் பத்து வாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே ஒப்புக்கொள்வேன் என்கிற பூதவாதியிடம் அவள் கேட்பதைப் பாருங்கள்: உன் தாய் தகப்பனை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? இப்படி ஒரு பெண் கேள்வி கேட்கிற நூலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் 'விவரி' என்று கேள்வித்தாள் தயாரிக்கிறோம். என் மூன்று வருடப் படிப்பில் இந்தக் காதைகள் இருப்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. பிற்பாடு பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வாதத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது, ஆளுக்கு ஆள் மாறுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 29ஆம் காதையில் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று தவறான வாதங்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காட்டிய காரணம் முடிவைத் தாங்குகிறதா, உதாரணம் பொருந்துகிறதா, எதிர் உதாரணத்தை மாணவர் கவனித்தாரா என்று பார்த்துத் திருத்த அதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று நாம் மாலை போடுகிற ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற கிறித்தவ விமரிசனத்துக்கு மறுப்பாகவே அவர் தன் எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார்; 1908இல் அது அச்சேறியது. அவருக்குப் பாடம் சொன்னவர் ஏ. ஜி. ஹாக், ஒரு மிஷனரி. தன் தரப்பை எதிர்த்து எழுதிய மாணவனை அவர் பாராட்டிச் சான்று கொடுத்தார். அந்த மனசு கேள்வித்தாளில் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தமிழில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகத்துக்கு இலங்கையைப் பார்த்தால் போதும். அங்கே நம் பிளஸ் டூ போன்ற உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அளவையியல் என்றால் தர்க்கம். பிள்ளைகள் அதைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், அதாவது தத்துவத் துறை இருக்கிறது. கலைச்சொற்கள் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. கேட்டு வாங்கிக்கொள்ளலாம், இங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்கிற பெற்றோருக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் தத்துவம் 500 மதிப்பெண்ணுக்கு விருப்பப் பாடம், தமிழிலும் எழுதலாம். எனக்கு வழிகாட்டியது நீதிமன்றம். சந்தர்ப்ப சாட்சியத்தை வைத்து வழக்கு நடத்தும்போதெல்லாம், எதிர்த்தரப்பு காட்டுகிற புகைக்கு உண்மையிலேயே நெருப்புதான் காரணமா என்று தேடுகிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு மணி நேரம். பத்து மதிப்பெண் விடை அல்ல.

பெரிய செலவு எதுவும் இல்லை. முதல் பருவத்திலேயே அளவையியலை வையுங்கள், அதில் மணிமேகலையின் இந்த இரண்டு காதைகளும் இருக்கட்டும். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வகுப்பில் எழுந்து நின்று வாதாடுவதற்கு ஒதுக்குங்கள். தாளுக்கு ஒரு கேள்வியாவது கட்டாயம் இப்படி இருக்கட்டும்: 'கண்ணால் காண்பதை மட்டுமே நம்ப வேண்டும். இதை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி வாதிடுக.'

அக்கா மகளிடம் இந்தக் கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தேன். எத்தனை பக்கம் என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. இரண்டு பக்கம் எழுதி, முழுவதையும் அடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பழைய தத்துவ மாணவன் ஒருவன்