சுக்கா விஷயமாகச் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

மூன்று மாதமாகப் பதில் போடாதவளைத் திட்டத்தான் வேண்டும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அம்மா சுகம். மேரியக்காவுக்கு வழக்கம்போல எல்லார்மேலும் கோபம்.

நீ பணிவிடை செய்யும் சபா (தாத்தா) வீட்டில் சுக்கோத்துக்கு, அதாவது சுக்கா என்ற ஓலைக்குடில் போட்டுக் கொண்டாடும் யூதக் கூடாரப் பண்டிகைக்கு, என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தப் பெட்டி. உள்ளே இருக்கும் எத்ரோக், அதாவது சபா கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்லும் காய், நம்மூர் நார்த்தங்காய்ச் சாதிதான். உன்னை நான் அறிவேன், ஊறுகாய் நினைப்பே வரக்கூடாது! நுனியில் முளைபோல நீட்டிக்கொண்டிருப்பது பித்தாம். பித்தாம் இல்லாமலே காய்த்த காய் என்றால் குற்றமில்லை. இருந்தது ஒடிந்தால் முதல் நாளுக்கு உதவாது. துடைக்கிறேன் என்று கைவைக்காதே. பஞ்சோடு அப்படியே இருக்கட்டும்.

எத்ரோக்கோடு பிடிக்கும் கிளைகளைப் பற்றி பைபிளில் லேவியராகமம் 23இல் 'ஆற்றலரி' என்று வாசித்திருப்பாய். அரளி ஒடிக்கப் போய்விடாதே, அங்கே சொல்லியிருப்பது அரவா என்கிற ஆற்றோர மரம். இருப்பதிலேயே சீக்கிரம் வாடுவதும் அதுதான். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வை. கிளைகளைச் சேர்த்துக் கட்டும்போது லுலாவின், அதாவது பேரீச்ச ஓலைக்குருத்தின், முதுகு சபாவைப் பார்த்திருக்க வேண்டும். வலப்பக்கம் மூன்று ஹதாஸ் (மிருதுச்செடிக் கிளை), இடப்பக்கம் சற்றுத் தாழ்வாக இரண்டு அரவா. லுலாவின் தண்டு இவற்றுக்குமேல் ஒரு கையகலமாவது நீட்டிக்கொண்டிருக்கும்.

கட்டு வலக்கையில், எத்ரோக் இடக்கையில், பித்தாம் கீழ்நோக்கி. தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று திருத்திவிடாதே! ஆசீர்வாதம் செயலுக்கு முன்னால் வர வேண்டும். நேராகப் பிடித்தாலே செயல் முடிந்த கணக்கு. சொல்லிவிட்டுத் திருப்பி, ஆறு திசைக்கும் மும்மூன்று முறை அசைப்பார். திசை வரிசை சமூகத்துக்குச் சமூகம் மாறும். பிறகு ஹல்லேல் என்ற துதி, அதாவது பைபிளின் சங்கீதம் 113 முதல் 118 வரை. 118இல் 'இரட்சியும்' என்ற இடத்தில் அசைப்பார்கள், அடுத்து வரும் 'காரியத்தை வாய்க்கப்பண்ணும்' என்பதில் அசைக்க மாட்டார்கள். ஓய்வுநாளில் லுலாவைத் தொடுவதே இல்லை.

முதல் நாள் இவை சபாவுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் ஆகாது. அவர் மகன் தன்னுடையதைத் தருவதானால், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு பரிசாகக் கொடுப்பார். பேரப்பிள்ளைக்குக் கடைசியில்தான். சிறுவன் வாங்கிக்கொண்டால் அது அவனுடையதாகிவிடும். திரும்பக் கொடுக்கச் சட்டப்படி அவனால் முடியாது. சாக்லேட்டைக் காட்டியாவது அவனைக் காத்திருக்க வை.

எனக்குக் கவலையே சுக்காவின் கூரைதான். சபாவின் முகத்தில் வெயில் விழுகிறது, தட்டில் இலை உதிர்கிறது என்று இரக்கப்பட்டு நீ விரிப்பு கட்டுவாய். கட்டாதே, செல்வி. ஸ்கக் என்கிற ஓலைக்கூரைக்கு மேலே கட்டினாலும் கீழே கட்டினாலும் சுக்கா செல்லாது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. மரத்தடியில் போட்டாலும் செல்லாது. வெட்டிய ஓலையும் கிளையும்தான் கூரை. வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். சுவருக்குத் துணி கட்டினால் காற்றில் படபடக்காதபடி இழுத்துக் கட்டு.

மழை வந்தால்? அவராக எழுந்திருக்க மாட்டார். கஞ்சி கெடும் அளவு பெய்தால் வெளியே வரலாம் என்கிறது மிஷ்னா. எஜமானுக்குக் கிண்ணம் நிரப்ப வந்த வேலைக்காரன் முகத்தில் எஜமான் செம்புத் தண்ணீரையே ஊற்றினாற்போல என்று ஓர் உவமையும் அங்கே உண்டு. உனக்கும் எனக்கும் இது நன்றாகவே விளங்கும்! நோயாளிக்கு மட்டுமல்ல, நோயாளிக்குப் பணிவிடை செய்கிறவர்களுக்கும் சுக்காவிலிருந்து விலக்கு. இருமல் இருந்தால் அந்த நாளில் அவர் உள்ளே சாப்பிடட்டும். நீ சொல்லாதே, மகனைச் சொல்லவை.

ஏழாம் நாள் ஹோஷானா ரப்பா. ஜெபபீடத்தை ஏழு சுற்று சுற்றி, ஐந்து அரவாக் கொம்புகளைத் தரையில் அடிப்பார்கள். வீடெல்லாம் இலை சிந்தும், துடைப்பம் தயாராக இருக்கட்டும். மறுநாளிலிருந்து ஜெபத்தில் மழையைப் புகழ்வார்கள், ஆனால் 'மழை தா' என்று கேட்பதில்லை. அதற்கு இன்னும் பதினைந்து நாள், யூத மாதமான ஹெஷ்வான் 7 வரை இஸ்ரேலில் பொறுப்பார்கள். எருசலேமுக்கு வந்திருந்த கடைசி யாத்திரிகன் யூப்ரடீஸ் நதிக்குப் போய்ச் சேரும்வரை நனையக்கூடாதாம்.

எத்ரோக் மிஞ்சினால் ஜாம் செய்யலாம். கசப்புப் போகத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவை. 

உன்,
ராணி