பாக்கித் திரை திறக்க நான்கு நிமிடம்: கடைசியாக ஒரு கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மண்டிக் கணக்கு மென்பொருளின் தாமதம் – மூன்று புகார், ஒரு வீண் பயணம்

ஐயா,

2016 முதல் ஈரோட்டில் என் மஞ்சள் மண்டியில் உங்கள் மென்பொருள்தான் ஓடுகிறது. பராமரிப்புக் கட்டணத்தை ஓர் ஆண்டுகூடத் தாமதமாகக் கட்டியதில்லை. அதனால் மரியாதையாகவே தொடங்குகிறேன்.

விவசாயியின் எண்ணைத் தட்டினால், அவருடைய முன்பண பாக்கியைக் காட்டும் பாக்கித் திரை திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. முன்பணம் கழிக்காமல் பட்டியல் போட முடியாது என்பது, அந்தத் திரையைச் செய்த உங்களுக்குத் தெரியாததல்ல. விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் எடை போட்டு முடித்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்தியூர்ப் பெரியவர் ஒருவர் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு, "துண்டுச் சீட்டில் எழுதிக் கொடு கண்ணு, நான் நம்புகிறேன்" என்றார். நாற்பது ஆண்டு மண்டியின் மானமே அன்று போய்விட்டது.

ரேம் போடச் சொன்னீர்கள், போட்டேன். எஸ்எஸ்டி மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். ரூ.9,400 செலவு. நான்கு நிமிடம் மூன்றரை ஆனது.

பிறகு சிபியு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். அதைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கோவை காந்திபுரம் வரை பஸ்ஸில் வந்தேன். வரவேற்பில் இருந்த தம்பி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "டோக்கன் எண் இல்லாமல் பார்க்க மாட்டோம். உங்கள் கம்ப்யூட்டர் பழசு, அதுதான் பிரச்சினை" என்றார். பெட்டியைத் திறக்காமலே எப்படித் தெரிந்தது? வயதுக்காவது உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

பெருந்துறையில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன்தான் கடைசியில் காப்பு நகலைத் தன் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தான். உங்கள் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில், அது தரவை எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். ஒரு விவசாயியின் பாக்கிக்கு 14 லட்சம் வரிகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. விவசாயி எண்ணுக்கு இன்டெக்ஸே இல்லை. என் அப்பாவின் பழைய பேரேட்டுக்கே முன்பக்கத்தில் பெயர்வரிசையும் பக்க எண்ணும் உண்டு ஐயா! விவசாயி எண், தேதி என்ற வரிசையில் ஒரே கூட்டு இன்டெக்ஸ் போட்டான். கண் சிமிட்டுவதற்குள் திரை வந்தது. அவன் மடிக்கணினியும் அதே பழைய வகைதான், அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்.

ஆண்டு அறிக்கை மட்டும் அப்போதும் நகரவில்லை. தேதிப் பத்தியை (நெடுவரிசையை) ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) போட்டு ஆண்டைப் பிரித்து ஒப்பிடுகிறீர்களாம். அப்படிச் செய்தால் தேதிக்குத் தனி இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று நேராகக் கேட்டால் போதுமாம். தினமும் அழிக்கும் வரைவுப் பட்டியல்களின் காலி இடமும் கோப்பிலேயே தங்கி, 6 ஜிபியாக ஊதியிருக்கிறது. காலி இடத்தை நீக்கும் ஆப்டிமைஸ் கட்டளையை ஓட்டிய நகல் 2 ஜிபிக்குள் அடங்கியது. எட்டு ஆண்டுக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் வாங்கினீர்களே, எதைப் பராமரித்தீர்கள்?

நானே போட்டுக்கொள்ளலாம் என்றால், தரவுத்தளத்தைத் தொட்டால் ஒப்பந்தம் ரத்து என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. எல்லாப் பத்திக்கும் இன்டெக்ஸ் கேட்கவில்லை. அப்படிப் போட்டால் பதிவு சுணங்கும் என்று மருமகனே சொன்னான். தேவையான ஒன்றிரண்டைப் போட்டு, அறிக்கையைத் திருத்தி, சீசன் முடிந்ததும் ஓர் இரவில் அட்டவணைகளைச் சீர்செய்து தாருங்கள். தயவாகத்தான் கேட்கிறேன்.

பத்து நாளில் ஆள் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மண்டித் தெருவில் உங்கள் மென்பொருள் வைத்திருக்கும் மற்ற கடைக்காரர்களிடமும் இந்த எக்ஸ்பிளெய்ன் தாளைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மண்டி உரிமையாளர், ஈரோடு

பி.கு.: அன்று சிபியுவின் மின்கம்பியை உங்கள் வரவேற்பறையில் விட்டுவிட்டேன். வருகிறவரிடம் கொடுத்தனுப்பவும்.