வீட்டு வேலை செஞ்சாலே மனசு லேசாகும்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர் மகளிர் இணைப்புல வந்த ஒரு கட்டுரை பத்திதான் இந்த லெட்டர். வீட்டு வேலைய இழுத்துப் போட்டு செஞ்சாலே போதும், பொம்பளைங்களுக்கு தனியா வாக்கிங் எக்ஸர்சைஸ்லாம் தேவையில்லன்னு எழுதிருந்தீங்க. வீடு கூட்டுனா இத்தன கலோரி, துணி அலசுனா இத்தன கலோரின்னு கட்டம் கட்டி வேற போட்டிருந்தீங்க. உடம்பு அசையுதுங்கறத நான் இல்லன்னு சொல்லல. ஆனா கடைசி பாராவுல "உடம்போட சேந்து மனசும் லேசாகிடும்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. கொஞ்சம் நீளமா போகும், ஆனா முழுசா படிச்சுட்டு போடுங்க.

எனக்கு வயசு 49. மதுரை காமராஜர் சாலை பக்கம் மாடி வீடு. எங்க அத்தை பக்கவாதத்துல நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்க, அவங்கள தூக்கி ஒக்கார வைக்கிறது, பெரட்டிப் படுக்க வைக்கிறது, பெட்ஷீட் அலசுறது, தண்ணி வராத நாள்ல கீழ இருந்து குடம் குடமா மேல ஏத்துறதுன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ படி ஏறி எறங்குவேன்னு எண்ணுனதே இல்ல. அந்த கட்டுரைல போட்டிருந்த கணக்குப்படி பாத்தா மதுரையிலயே நல்ல ஆரோக்கியமான மனசு எனக்குத்தான் இருந்திருக்கணும்.

அத்தை தவறி மூணு மாசத்துல நான் படுத்துட்டேன். எல்லாரும் "இனிமேயாவது நிம்மதியா இரு"ன்னாங்க, எனக்கு நிம்மதின்னா என்னன்னே தெரியல. ராத்திரி மூணு மணிக்கு டக்குனு முழிப்பு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அத்தை கூப்புடுற மாதிரியே இருக்கும். பாத்திரம் வெளக்கும்போது காரணமே இல்லாம அழுக வரும், குழாயத் தொறந்து விட்டுட்டு அந்த சத்தத்துல அழுதுட்டு முகத்தக் கழுவிட்டு வந்து தோசை ஊத்துவேன். மக போன் பண்ணா எடுத்துப் பேசக்கூட சலிப்பா இருக்கும். தைராய்டு பாத்தாச்சு, சுகர் பாத்தாச்சு, ஈசிஜி எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். ஒரு எடத்துல கேஸ் ட்ரபுள்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மக நர்சிங் படிக்கிறா, அவ லீவுக்கு வந்தப்ப என்னைய பாத்துட்டு, "அம்மா இது கேஸ் இல்லம்மா"ன்னு சொல்லி கையப் புடிச்சு ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. மனநலம்ன ஒடனே எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் மொகம் குடுத்துப் பேசல, அது வேற கதை.

டாக்டர் நிதானமா கேட்டாரு. டிப்ரஷன்னு சொன்னாரு, மாத்திரை எழுதுனாரு. மாத்திரைக்குக் கீழயே "நடை, 30 நிமிஷம், வாரத்துல 5 நாள்"னு அதையும் மருந்து மாதிரியே நம்பர் போட்டு எழுதுனாரு. நான் சொன்னேன், சார் காலைல அஞ்சுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் நான் நிக்கிறதே இல்ல, எனக்கு எதுக்கு சார் நடைன்னு. அதுக்கு அவரு "வேலை பாக்கும்போது உங்க மனசு எங்கம்மா இருக்கும்?"னு கேட்டாரு. யோசிச்சுப் பாத்து "அடுத்த வேலைல இருக்கும் சார்"ன்னேன். "அதாம்மா விஷயம்"னு அந்த சீட்டக் கையில குடுத்தாரு. எனக்கு அன்னைக்கு அது முழுசா புரியல.

மொத நாள் தெப்பக்குளத்துக்குப் போனது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. காலைல அஞ்சேகால். பழைய சேலை, வார் இத்துப்போன செருப்பு. மாரியம்மன் கோயில் பக்கம் நின்னு, ஷூ போட்டு விறுவிறுன்னு போறவங்களப் பாத்துட்டு திரும்பிப் போயிரலாம்னு கூட நெனச்சேன். குளத்துல தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு, நடுவுல மைய மண்டபம் இருட்டுக்குள்ள கறுப்பா தெரிஞ்சுச்சு, காத்துல ஒரு ஈர வாசம். சரின்னு நடக்க ஆரம்பிச்சேன். மொத ரெண்டு பக்கம் பூரா வீட்டு நெனப்புதான், பால் பாக்கெட் எடுத்து உள்ள வச்சாங்களா, அவருக்கு சட்டை தேய்க்கலயே, மோட்டார் போடணுமேன்னு. மூணாவது பக்கம் திரும்பும்போது மூச்சு வாங்குச்சு, வேர்த்துச்சு, அப்ப ஒரு பெரியவர் பக்கத்துல தாண்டிப் போயிட்டே "மெதுவா போம்மா, குளம் எங்கயும் போயிராது"ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. எத்தன மாசம் கழிச்சு சிரிச்சேன்னு தெரியல. அப்பதான் ஒறச்சுச்சு, கடைசி கொஞ்ச நேரமா நான் எதையுமே நெனைக்கல, யாருக்காகவும் கையில எதையும் தூக்கல, கால் பாட்டுக்கு போகுது, அவ்வளவுதான்.

ஒரே நாள்ல எல்லாம் மாறிருச்சுன்னு கதை விட மாட்டேன். ஒரு சுத்து கிட்டத்தட்ட ஒண்ணேகால் கிலோமீட்டர் வரும், மொத வாரம் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன், அப்பறம் ரெண்டு, இப்ப நாலு. நடுவுல பத்து நாள் போகவே இல்ல, படுத்தே கெடந்தேன். ஆறு வாரம் ஆகும்போது தூக்கம் சரியாச்சு, அதுதான் மொதல்ல வந்த மாத்தம். தூக்கம் வந்தோன்ன பசி வந்துச்சு, பசி வந்தோன்ன கோவம் கொறஞ்சுச்சு. மாத்திரையும் விடாம போட்டேன், டாக்டர்தான் பொறவு கொஞ்சம் கொஞ்சமா கொறச்சாரு. இத படிச்சுட்டு யாரும் நடந்தா போதும்னு மாத்திரைய நிறுத்திராதீங்க, அது ரொம்பத் தப்பு.

என் மக அவ போன்ல இருந்து நெறைய எடுத்துப் படிச்சுக் காமிச்சா. 1999-ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில டிப்ரஷன் இருந்த 156 பேர, எல்லாருமே அம்பது வயசும் அதுக்கு மேலயும், மூணா பிரிச்சு ஒரு குரூப்புக்கு மாத்திரை, ஒரு குரூப்புக்கு எக்ஸர்சைஸ், ஒரு குரூப்புக்கு ரெண்டும்னு 16 வாரம் குடுத்துப் பாத்திருக்காங்க, கடைசில மூணு குரூப்புலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு குணம் தெரிஞ்சிருக்கு. 2022-ல வந்த இன்னொரு பெரிய ஆய்வுல, வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் வேகமா நடக்குற அளவுக்கு உடம்ப அசைக்கிறவங்களுக்கு டிப்ரஷன் வர்ற வாய்ப்பு, ஒண்ணுமே செய்யாதவங்கள விட 25 சதவீதம் கம்மின்னும், அதுல பாதி செஞ்சாக்கூட 18 சதவீதம் கம்மின்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த ரெண்டரை மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்றது, எங்க டாக்டர் எழுதுன 30 அஞ்சும் அதே கணக்குதான். மூளைல ஞாபகத்துக்குன்னு ஒரு பகுதி இருக்காம், வயசாக ஆக சுருங்குமாம், வயசானவங்க 120 பேர வச்சு ஒரு வருஷம் செஞ்ச ஆய்வுல, தொடர்ந்து நடந்தவங்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் வளந்துருக்காம். இத கேட்டப்ப எனக்கு எங்க அத்தை நெனப்புதான் வந்துச்சு, அவங்களும் நாப்பது வருஷம் அடுப்படிய விட்டு வெளிய வராதவங்க.

ஆனா நான் இந்த லெட்டர் எழுதக் காரணமே அவ காமிச்ச இன்னொரு ஆய்வுதான். 2017-ல வந்தது, கிட்டத்தட்ட நூறு ஆய்வுகள சேத்து வச்சுப் பாத்தது. அவங்க கேட்ட கேள்வியே உடம்ப எங்க, எதுக்காக அசைக்கிறோம்ங்கறதுதான். நமக்குன்னு ஒதுக்குன நேரத்துல நடக்குறது, விளையாடுறது மனசுக்கு நல்லது செய்யுது. வேலை செய்யுற எடத்துல உடம்ப வருத்துறவங்களுக்கு மனசு பாதிப்பு கொறையல, கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்திருக்கு. வீட்டு வேலைக்கும் மன நலத்துக்கும் சம்பந்தமே தெரியல. டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு அப்பதான் முழுசா வெளங்குச்சு. உடம்பு அசையுறது மட்டும் கணக்கு இல்ல, அந்த நேரம் யாரோடதுங்கறதும் கணக்கு. குடம் தூக்கும்போது நெஞ்சு அடிக்கிறதும் நடக்கும்போது நெஞ்சு அடிக்கிறதும் மெஷினுக்கு ஒண்ணா இருக்கலாம், எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.

அந்த நேரம் எங்களுக்கு எங்க இருக்கு? 2024-க்கு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அத செய்யுற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவு பண்றாங்க, செய்யுற ஆம்பளைங்க 88 நிமிஷம். கொழந்தைங்க, வயசானவங்களப் பாத்துக்கறது தனிக் கணக்கு. இதுல அர மணி நேரத்த உருவி எடுக்கணும்னா யாராச்சும் ஒருத்தர் அந்த அர மணி நேர வேலைய கையில வாங்கணும். எங்க வீட்டுல மொத மாசம் அதுக்குத்தான் சண்டையே. காலைல நான் கெளம்பும்போது "காபி?"ன்னு ஒரு கொரல் வரும். நான் போட்டு பிளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டுத்தான் போவேன். ஒரு நாள் ஊத்தாமப் போயிட்டேன். திரும்பி வந்தா அடுப்பு பூரா பால் பொங்கி வழிஞ்சு கெடக்கு, அவரு துணிய வச்சு தொடச்சுக்கிட்டே "டிகாஷனுக்கு எத்தன ஸ்பூன் போடணும்?"னு கேட்டாரு. மூணுன்னேன். மறுநாள்ல இருந்து அவருதான் போடுறாரு. எனக்கும் ஒரு டம்ளர் மூடி வச்சிருப்பாரு. மனநல டாக்டர்னதும் மொகத்தத் திருப்புன அதே மனுஷன்தான்.

வீட்டுல வழி விட்டாலும் வெளிய எடம் வேணுமே. தெப்பக்குளத்துல கூட்டம் இருக்கு, அதனால தைரியமா போறேன். எல்லா பொம்பளைக்கும் பக்கத்துலயே தெப்பக்குளம் இருக்குதா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பார்க்ல நடக்குறதுக்குன்னு கல்லு பாவி அழகா வச்சிருக்காங்க, ஆனா கேட்டத் தொறக்க எட்டு மணி ஆகும், எட்டு மணிக்கு எந்த வீட்டுப் பொம்பள வெளிய வர முடியும்? இன்னொரு எடத்துல லைட் எரியல, நாய்த் தொல்லை வேற. பாத்ரூம் இல்லங்கறத யாரும் வெளிய சொல்றதில்ல, ஆனா என் வயசுல உள்ளவங்க பாதிப் பேரு வாக்கிங் வராததுக்கு அதுதான் காரணம், எங்களுக்குள்ள பேசும்போது அதத்தான் மொதல்ல சொல்லுவாங்க. 2023 நவம்பர்ல நம்ம அரசு 38 மாவட்டத்துலயும் "நடப்போம் நலம் பெறுவோம்"னு எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்க, நெசமாவே நல்ல விஷயம், அத நான் மனசார பாராட்டுறேன். அதோட சேத்து வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிலோமீட்டர், வெளிச்சத்தோட, ஒரு பாத்ரூமோட, காலைல அஞ்சு மணிக்குத் தொறந்த கேட்டோட குடுத்தா எங்கள மாதிரி ஆளுங்க தினமும் நடப்போம். லீவு நாள்லயும் காலை வேளைலயும் பூட்டிக் கெடக்குற ஸ்கூல் கிரவுண்டுகள ஒரு மணி நேரம் தொறந்து விட்டாலே பாதிப் பிரச்சனை தீந்துரும்.

எங்க கீழ் வீட்டு மதினி பத்தியும் சொல்லணும். வீட்டுலயே உக்காந்து தையல் மெஷின் மிதிக்கிறவங்க, "நான் நாள் பூரா காலத்தான் ஆட்டுறேன், எனக்கு என்னத்துக்கு நடை"ன்னு நான் டாக்டர்கிட்ட சொன்ன அதே பேச்ச என்கிட்ட சொன்னாங்க. அவங்க பேப்பர் கட்டிங் எடுத்து வச்சுத்தான் என்கிட்ட காமிச்சாங்க, "பாரு, பேப்பர்லயே போட்டுட்டான்"னு. உங்க பேப்பர்தான் ஐயா அது. அவங்களும் ராத்திரில தூங்குறதில்ல. இப்ப ரெண்டு நாளா என்கூட வர்றாங்க, ஒரு சுத்து சுத்திட்டு படித்துறை சொவர்ல உக்காந்து பேசிட்டு வர்றோம். என்ன பேசுனோம்னு இங்க எழுத முடியாது, ஆனா வீட்டுக்குள்ள இருந்தா அவங்க வாயில இருந்து அது வந்திருக்காது.

நீங்க எழுதுறத எங்க மாதிரி ஆளுங்க வெட்டி எடுத்து வச்சுக்கறோம், வீட்டுல ஒருத்தர் அத எடுத்துக்காட்டி "ஒனக்கு எதுக்கு தனியா நடை"ன்னு கேக்குறாங்க, அதுக்காகத்தான் இம்புட்டு தூரம் எழுதுறேன். மனசு ரொம்ப முடியலன்னா டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, 14416-க்கு போன் பண்ணலாம், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க, அந்த நம்பரையும் மகளிர் இணைப்புல ஒரு மூலைல வாராவாரம் போடுங்க. கலோரி கட்டம் போட்டீங்கல்ல, அதே எடத்துல அடுத்த தடவ மதுரைல எந்த பார்க் எத்தன மணிக்குத் தொறக்குது, எங்க லைட் எரியுது, எங்க பாத்ரூம் இருக்குன்னு ஒரு கட்டம் போடுங்க. விவரம் சேக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, நானும் எங்க மதினியும் ஒவ்வொரு எடமா நடந்தே போய் பாத்துட்டு வந்து எழுதித் தர்றோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காமராஜர் சாலை, மதுரை.