நடையைக் கூட்டுவோர் ஊசியின் அளவையும் கேட்டறிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தரும் நன்மைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவர் நடக்கத் தொடங்கினாலோ உடல் எடையைக் குறைத்தாலோ, அவருடைய ஊசியின் அளவை என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். விடுபட்ட அந்தப் பகுதியை அறியாததால்தான் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து மக்கள் பலர் அவதிப்படுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

உழைக்கும் தசை, இன்சுலினின் துணையில்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளக்கூடியது. நடந்து முடித்த பின்பும், செலவழிந்த சேமிப்பை நிரப்பிக்கொள்வதற்காக அது சர்க்கரையை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினுக்கு உடல் வழக்கத்தை விட நன்றாக இணங்கும் இந்த நிலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை கூட நீடிக்கும். நோயில்லாதவரின் கணையம் இதற்கேற்பத் தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஊசி வழியே உள்ளே போன இன்சுலினுக்கு அப்படிக் குறையத் தெரியாது; போட்ட யூனிட் முழுவதும் வேலை செய்தே தீரும். ஆகவே மாலையில் கோட்டையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பழைய அளவிலேயே இரவு ஊசியையும் போட்டுக்கொண்டு, எடை குறைய வேண்டுமென்று இரண்டு இட்லியோடு படுக்கப் போகிறவருக்கு, நடக்கும்போது ஒன்றும் நேராமல் நள்ளிரவுக்குப் பிறகு சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு; இதையே தாழ்சர்க்கரை என்கிறோம். சட்டை நனைய வியர்ப்பதும், கெட்ட கனவு காண்பதும், காலையில் தலைவலியோடு எழுவதும் அதன் அறிகுறிகள். நம் ஊர் வெக்கையில் இரவில் வியர்ப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் இது பல வீடுகளில் கவனிக்கப்படாமலே போகிறது.

எடைக் குறைவின் விளைவு இதைக் காட்டிலும் மெதுவானது, ஆனால் ஆழமானது. வயிற்றிலும் கல்லீரலிலும் சேர்ந்த கொழுப்புதான் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினை எடுபடாமல் செய்கிறது. அந்தக் கொழுப்பு கரையக் கரைய, முன்பு தேவைப்பட்ட யூனிட்டுகளை விடக் குறைவானவையே போதுமானவை ஆகின்றன. அதிலும் கல்லீரல், எடைக் கருவியில் மாற்றம் தெரிவதற்கு முன்பே, உணவைக் குறைத்த முதல் வாரத்திலேயே சர்க்கரையை வெளியிடுவதைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். எனவே "பத்து கிலோ குறைந்த பிறகு டாக்டரைப் பார்க்கலாம்" என்று காத்திருப்பது சரியல்ல. உணவு முறையை மாற்றும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். காரணமின்றித் தாழ்சர்க்கரை வருகிறதென்றால் மருத்துவர்கள் பொதுவாக அளவை நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை குறைத்துப் பார்ப்பார்கள். குறைக்காமல் விட்டால் இன்னொரு கேடும் உண்டு. மிகுதியான இன்சுலின் பசியைத் தூண்டும், பசிக்குச் சாப்பிடச் சாப்பிட எடை மீண்டும் ஏறும், ஏறிய எடைக்காக ஊசியைக் கூட்டுவார்கள். "ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு பெருத்துவிட்டது, நடந்தும் பயனில்லை" என்று வார்டில் புலம்பியவர்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருந்தது.

பிரிட்டனில் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களில் 86 விழுக்காட்டினர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருக்கும் நிலையை அடைந்திருந்தார்கள். இச்செய்தி தமிழில் பலமுறை வந்துவிட்டது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இருபது ஆண்டுகளாக ஊசியில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தினால் விளைவு வேறாக இருக்கும். உடலில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோன முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: விளையாட்டாலும் எடைக் குறைவாலும் யூனிட் குறையலாம், ஊசி ஒருநாளும் இல்லாமல் போகாது. நிறுத்திய ஓரிரு நாட்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். "இன்சுலினிலிருந்து விடுதலை" என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள் மீது எனக்குள்ள கோபம் இதனால்தான்.

எடை குறைவதெல்லாம் நல்லதற்கு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. முயற்சி எதுவுமின்றி ஒருவர் மெலிகிறார் என்றால், அவருக்கு இன்சுலின் போதவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். காசநோய் தொற்றியிருப்பதும் காரணமாக இருக்கலாம். சளியைச் சோதிக்காமல் அதை நடையின் பலனாக எண்ணி மகிழ்வது தவறு. தொடக்கத்திலிருந்தே ஒல்லியாக, சிறு வயதில் சரியான உணவில்லாமல் வளர்ந்து, பின்னர் நீரிழிவுக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2025இல் ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்ட இந்நோயை ஆராய்ந்ததில் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு முக்கியப் பங்கு உண்டு. இவர்களின் உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை, சுரப்புதான் குறைவு. எனவே அதிக அளவு ஊசி இவர்களைச் சட்டென்று தாழ்சர்க்கரையில் தள்ளிவிடும். இவர்களிடம் எடையைக் குறைக்கச் சொல்வது பொருந்தாத அறிவுரை.

உடற்பயிற்சி என்றதும் காலணி அணிந்து நடப்பதை மட்டுமே நினைக்கிறோம். அணைக்கட்டுப் பக்கம் நாற்று நடுபவருக்கும், நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமப்பவருக்கும் வேலையே பயிற்சி. வேலையுள்ள நாளிலும் இல்லாத நாளிலும் அவர்கள் ஒரே அளவு ஊசியைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். குடியாத்தத்தில் நாள் முழுதும் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு எழுதப்படும் அதே அளவு, இவர்களுக்கு வேலை நாட்களில் பொருந்தாது. "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த நேரத்தில்?" என்ற கேள்வி புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் கேட்கப்படாமல் போய்விடுகிறது. நோயாளியே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

பயிற்சிக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். 250க்கு மேல் இருந்து, சிறுநீரில் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் பொருள்) காணப்பட்டால், அன்று பயிற்சி கூடாது. தொடையில் போட்ட ஊசி நடக்கும்போது வேகமாக இரத்தத்தில் கலக்கும் என்பதால், நடக்கும் நாளில் வயிற்றில் போடுவதே ஏற்றது. தாழ்சர்க்கரைக்குச் சாக்லேட்டும் கடலை மிட்டாயும் உடனே உதவா; அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். இன்சுலினோடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்கும் இவை பொருந்தும்.

2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து மருந்து தருகிறார்கள். எளியவர்களுக்கு அது பெரும் துணை. வருகிற ஊழியர் ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "நடக்கிறீர்களா, உணவைக் குறைத்தீர்களா, இரவில் வியர்க்கிறதா?" என்று கேட்டு, மாற்றமிருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் ஏற்படுமானால், ஊசியின் அளவு பழைய சீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடாது. சுகாதாரத் துறை அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பௌர்ணமிதோறும் இப்பகுதியிலிருந்து ஏராளமானோர் திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் சொல்லி மாளாது. அவர்களில் ஊசி போடுபவர்கள் உண்டு, விரதமிருந்து நடப்பவர்களும் உண்டு, உணர்ச்சி குறைந்த பாதத்தோடு வெறுங்காலில் நடப்பவர்களும் உண்டு. அன்றைய இரவு ஊசியையும் மறுநாள் காலை ஊசியையும் எவ்வளவு குறைப்பது, விரதத்தை எப்படி வைத்துக்கொள்வது, பாதத்தை எப்படிக் காப்பது என்பதை நீரிழிவு மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து, தீபத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அவ்வளவு அவகாசமாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.