பாராமீட்டர் குறிப்பில் அலகு எங்கே? மென்பொருள் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மென்பொருள் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

சரிபார்ப்புக்கு வரும் கோட் ஓடுகிறதா என்று பார்க்கிறோம். ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின்) தலைக்குறிப்பை, அதாவது அது வாங்கும் பாராமீட்டர்களை (கொடுக்க வேண்டிய மதிப்புகளை) விளக்கும் குறிப்பை, பெரும்பாலும் படிப்பதில்லை. படித்தால் அங்கே "தொகை: தொகை", "விகிதம்: விகிதம்" என்று இருக்கும். இப்படிப் பெயரையே திருப்பிச் சொல்லும் குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடக் கெடுதல். எழுதியாகிவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

மலேசியாவின் சேவை வரி கணக்கிடும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். தொகை ரிங்கிட்டிலா, சென்னிலா (ரிங்கிட்டில் நூறில் ஒன்று)? விகிதம் 8 என்றா, 0.08 என்றா? தவறாகக் கொடுத்தால் 100 ரிங்கிட் பில்லுக்கு 8 ரிங்கிட் வர வேண்டிய வரி 800 ஆகிவிடும். டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) குறித்திருந்தாலும் இதைப் பிடிக்காது, இரண்டும் எண்தானே. 2024 மார்ச் 1 முதல் பொது விகிதம் 8 விழுக்காடு. உணவு, தொலைத்தொடர்பு போன்ற சிலவற்றுக்கு 6 தொடர்ந்தது. அதனால் விகிதத்துக்கு இயல்பு மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வது) வைத்தால், அது எதற்குரியது என்றும் எழுத வேண்டும். எங்கள் கண்ணுக்குச் சரியான குறிப்பு இது:

தொகை: வரி சேராத விலை, சென்னில், முழு எண், 0 அல்லது அதற்கு மேல்.
விகிதம்: பின்னமாக, 8 விழுக்காட்டுக்கு 0.08. 1-ஐத் தாண்டினால் பிழை எழும்.

"ரவுண்ட்" என்று ஒரு ஆம்/இல்லை பாராமீட்டர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 5 சென்னுக்கு முழுமையாக்குவது ரொக்கத்துக்கு மட்டும். கார்டில் செலுத்தும் பில்லுக்கு அது கிடையாது.

ஐசி (அடையாள அட்டை) எண்ணை எழுத்துச்சரமாக வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். 12 இலக்கம், இடையில் கோடு உண்டா இல்லையா என்பதும் வேண்டும். எண்ணாக வாங்கினால் 2005-இல் பிறந்தவரின், 05 என்று பிறந்த ஆண்டில் தொடங்கும் ஐசியில் முன்னிற்கும் 0 காணாமல் போகும். நம்மவர் பெயரில் வரும் "ஏ/எல்" (மகன்), "ஏ/பி" (மகள்) சாய்கோட்டை ஏற்குமா என்பதையும் எழுதுங்கள். அந்தப் பெயரை அப்படியே கோப்புப் பெயராக்கினால், சாய்கோட்டைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும்.

நேரத்துக்கும் அலகு வேண்டும். நிரலைக் காத்திருக்க வைக்கும் பைத்தானின் "டைம்.ஸ்லீப்" வினாடியில் எண்ணும், ஒரு வேலையைத் தள்ளிப்போடும் ஜாவாஸ்கிரிப்டின் "செட்டைம்அவுட்" மில்லிவினாடியில். இரண்டிலும் பழகியவர் 5000 என்று பைத்தானில் போட்டால் நிரல் 83 நிமிடம் தூங்கும். கொடுத்த பட்டியலை ஃபங்ஷன் உள்ளேயே மாற்றுகிறதா என்பதும் குறிப்பில் இருக்கட்டும். அழைத்தவருக்கு வேறெப்படித் தெரியும்?

நாங்கள் கேட்பது இதுதான்: அலகு, எல்லை, வெற்று மதிப்பு வந்தால் நடப்பது ஆகிய மூன்றும் குறிப்பில் இல்லாத நிரலை இணைக்காதீர்கள். பாராமீட்டரின் பொருள் மாறினால் குறிப்பும் அதே கமிட்டில் (மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) மாறட்டும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து சில நிரலாளர்கள்