வாட் பார்த்து வாங்கு, அம்மிணி

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ போனில் சொன்னதிலிருந்து உன் லேப்டாப் நினைப்பாகவே இருக்கிறது. வேலை நடுவில் தானாக அணைந்துவிடுகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது, மடியில் வைக்க முடியவில்லை, வேகமானதாகப் புதிது வாங்க வேண்டும் என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். லேப்டாப்பை அணைத்து மூடி, சமமான மேஜைமேல் வைத்துப் பார். அடிப்பக்கம் உப்பி, வைத்த இடத்தில் ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படி இருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் சார்ஜ் போடாதே, ஆன் செய்யாதே, அமுக்கிப் பார்க்காதே. லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். நேராக சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல். ஆடிட் வேலை ஒரு நாள் நின்றால் நிற்கட்டும்.

வீக்கம் இல்லையென்றால் சரி, மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள். சூடான லேப்டாப்பை இனி தொடைமேல் வைக்கக் கூடாதாம். அவள் சொல்வது நியாயம்தான். மிதமான சூடுகூட மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலில் வலை பின்னியதுபோல் பழுப்புத் தடம் விழும். டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி.

போன மாதம் நம் கடைக் கணக்கு லேப்டாப்பைக் காந்திபுரத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தபோது, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அடிமூடியைக் கழற்றியதும், லேப்டாப்பின் மூளையான பிராசஸர் சிப்மேல் ஒரு தட்டையான செம்புக் குழாய். அதற்குள்ளே துளி திரவம் அடைத்திருக்கிறார்கள். பிராசஸர் பக்கம் சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே மெல்லிய தகடுகள் அடுக்கி ஃபேன் காற்று படுகிற இடத்தில் குளிர்ந்து, திரும்பவும் திரவமாகி வந்துசேர்கிறது. பம்பு இல்லை, வால்வு இல்லை, தானாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற எனக்கே அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு பட்டையாகப் படிந்து கிடந்தது. தறி மோட்டார்களில் நான் தினமும் எடுக்கிற அதே பஞ்சு. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது. வெளியிலிருந்து ஊதினால் ஃபேனுக்குள்தான் திரும்பப் போகும், கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல், இல்லாவிட்டால் காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் போய்விடும். பிராசஸருக்கும் செம்புக்கும் நடுவில் தடவியிருக்கிற பேஸ்ட்டும் காய்ந்து வெடித்திருந்தது. அதையும் துடைத்துப் புதிதாகப் போட்டார்கள். உன் லேப்டாப் வாங்கி இத்தனை வருஷத்தில் இந்த இரண்டும் நடந்ததே இல்லை.

தறி இல்லாத சென்னையில் பஞ்சு எங்கிருந்து வரும் என்று கேட்பாய். மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் பஞ்சுதானே கண்ணு. நீ கட்டிலில் வைத்துத்தான் வேலை செய்கிறாய். காற்று இழுக்கிற வாய் அடிப்பக்கம் இருக்கிறது, மெத்தையில் அமிழ்ந்தால் அது அடைபடும். அதோடு, ஃபேன் இழுப்பது ரூம் காற்றைத்தான். இங்கே ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள் புகுந்து வீசும். உன் நுங்கம்பாக்கம் ஹாஸ்டல் ரூமே 35 டிகிரி என்றால், அதைவிடக் குளிர்ந்த காற்றுக்கு அது எங்கே போகும்?

லேப்டாப் மெதுவாகிவிட்டது, அதனால் வேகமானதாக வாங்க வேண்டும் என்றாய். அங்கேதான் நீ நின்று யோசிக்க வேண்டும். உள்சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும், நம் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆவதுபோல. ரிலே விழுகிறது என்று யாரும் பெரிய மோட்டார் வாங்குவதில்லை, ஏன் விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். அதனால் முதலில் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிப் பார். அதுவரைக்கும் விண்டோஸ் பவர் செட்டிங்கில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்று இருந்தால் 100-ஐ 99 ஆக்கு. ஒரே ஒரு எண்தான் குறைகிறது, ஆனால் டர்போ ஓட்டம், அதாவது வேலை கூடும்போது வழக்கத்தைவிட வேகமாக ஓடுவது, நின்றுவிடும், சூடு நன்றாக இறங்கும்.

அப்படியும் சரிவரவில்லையென்றால் புதிது வாங்கிவிடு. பணத்துக்கு வெசனப்படாதே, பாதி நான் போடுகிறேன். ஆனால் உன் ஆபீஸ் பையன் வைத்திருக்கிற கேமிங் லேப்டாப் உனக்கு வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். மோட்டாருக்குள் போகிற கரண்டில் பெரும்பங்கு தண்ணி இறைக்கிறது, தறி ஓட்டுகிறது. மிச்சம்தான் சூடு. லேப்டாப்பில் அப்படியில்லை. அது எதையும் தூக்குவதும் இல்லை, சுழற்றுவதும் இல்லை. உள்ளே போகிற அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஆகவே எத்தனை வாட் தின்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு சூடாகும் என்பது தெரிந்துவிடும். கடையில் சார்ஜரைத் திருப்பிப் பார். உனக்கு ஏற்ற லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் என்று எழுதியிருக்கும். கேமிங் ரகத்துக்கு 180, 240 என்று போகும். கடைக்காரர் என்ன சொன்னாலும் சார்ஜர் பொய் சொல்லாது.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் பார். இன்டெல்லில் யு என்றால் பெரும்பாலும் 15 வாட் ரகம், ஹெச் என்றால் 45, ஹெச்எக்ஸ் என்றால் 55. இது நிதானமாக ஓடும்போது. முட்டி ஓடும்போது பன்னிரண்டாம் தலைமுறை யு ரகமே 55 வரைக்கும் ஏறும், ஹெச் 115-ஐத் தொடும். 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை பெரும்பாலும் 17 வாட்டில் ஓடி 37-க்குள் நின்றுவிடும், கட்டுப்படியானால் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதில் ரேம் பிராசஸரோடு சேர்ந்தே வரும், பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபியாவது இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள். இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியிலும் யு ரகம் நன்றாக இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். எக்செலும் டாலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி தளமும் பார்க்க அது எதற்கு?

ஆப்பிளின் மேக்புக் ஏர் 2020-இல் எம்1 வந்ததிலிருந்து ஃபேனே இல்லாமல் ஓடுகிறது. பஞ்சு அடைய இடமே இல்லை, நல்ல வேலைப்பாடு. ஆனால் டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான், உனக்கு ஒத்துவராது. ஸ்னாப்டிராகன் என்கிற ஆர்ம் ரக பிராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் சூடு குறைவுதான். நீ டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை செய்கிறவள். அந்த டோக்கனை இயக்குகிற டிரைவர் மென்பொருள் ஆர்ம் ரகத்துக்கு என்றே எழுதப்பட்டிருந்தால்தான் அதில் ஓடும். ரிட்டர்ன் கடைசித் தேதியில் டோக்கன் ஓடவில்லை என்று நீ நிற்கக் கூடாது. இன்டெல் அல்லது ஏஎம்டியே எடு.

ரொம்ப மெல்லிசாக இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதே. கொஞ்சம் தடிமன் இருந்தால்தான் உள்ளே ஃபேனுக்கு இடம் கிடைக்கும். வாங்கின முதல் இரண்டு நாள் அப்டேட் ஓடிச் சூடாக இருக்கும், அதற்குப் பயப்படாதே. எந்நேரமும் சார்ஜரில் போட்டே வைப்பதானால் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி பல கம்பெனிகளில் உண்டு, போட்டுவிடு. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

பட்டறையில் அலுமினியத் தகடு மடக்கி ஒரு ஸ்டாண்டு செய்திருக்கிறேன். பின்பக்கம் நாலு விரல் உயரம், அடியில் காற்றுப் போகும். அம்மா கொடுத்த நிலக்கடலையோடு பார்சலில் அனுப்புகிறேன். கட்டிலை விட்டுவிட்டு மேஜையில் அதன்மேல் வைத்து வேலை செய்.

கடைக்குப் போனால் மாடல் நம்பரையும் சார்ஜரையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கட்டு. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், கிளையன்ட் கணக்கு எல்லாம் உள்ளே இருக்கிறது. உன் ஆபீஸில் கேட்டு முழுதாக அழித்த பிறகுதான் கையை விட்டுக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா