செந்திலுக்கு, காட்பாடியிலிருந்து

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஃபோனில் 'ம்', 'சரிம்மா', 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நேற்று காலையில் நம் வீட்டுக்கு ஆறுமணிக்குருவி வந்தது. வந்தது என்ன, விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் காக்கைகள் கூடிக் கத்தின. பாம்போ என்று குச்சியோடு போனேன். வாளிக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் பளபளவென்று ஒரு நீலத் திட்டு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டிய மாதிரி கறுப்பு. வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு குட்டை. அதன் அடியில் சிவப்பு. நீ சொல்லிக்கொடுத்தபடியே துண்டைப் போட்டுப் பிடித்து, செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, கிரைண்டர் பக்கத்தில் இருட்டில் வைத்தேன். அப்பா அதன் வாயில் தண்ணீர் விடப் போனார். விடக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று தடுத்தேன். "உனக்கு யார் சொன்னது?" என்றார். உன் பேரைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பொழுது சாயும்போது மாமரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்தோம். வெகுநேரம் அசையவே இல்லை. அப்புறம் மெல்ல வெளியே வந்து, சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேலிக்குள் ஓடிவிட்டது. இமயமலை அடிவாரம், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ ராத்திரியில் பறந்து வந்து, ஊர் வெளிச்சத்தில் குழம்பிச் சுவரில் மோதிக்கொள்கிறது பாவம். ஒன்று களைத்துப்போனால் காக்கைக்குத்தான் முதலில் தெரிகிறது.

தேவி படமெடுத்து உனக்கு அனுப்பினாளாம். நீல டிக் விழுந்ததாம், பதில் இல்லையாம். வேலை இருந்திருக்கும், சரி.

பிள்ளையார் சதுர்த்தி சமயத்திலேயே சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது. மொட்டைமாடியில் தொட்டி ஒழுகுகிற இடம்தான் அதற்குப் பிடித்த இடம். கழிஞ்சூர் ஏரிக்கரைக் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சாயங்காலமானால் இடிமழை. ஏரியில் தண்ணீர் ஏறி ஓரத்துச் சேறெல்லாம் முங்கிவிட்டதால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. ஏரி நிரம்புகிறதே என்று அப்பாவுக்குச் சந்தோஷம், உள்ளானைக் காணோமே என்று எனக்குக் கவலை. காவேரிப்பாக்கம் ஏரி பெரிசு, எங்காவது ஒரு மூலையில் சேறு இருக்கும். நீ இருந்தால் போயிருக்கலாம். வாத்துகள் வர இன்னும் நாளாகும்.

இவ்வளவும் உன் பைனாகுலரில் பார்த்ததுதான். பொங்கலுக்கு வந்தவன் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய் என்று நினைத்திருந்தேன். பீரோவைத் திறந்து பார்த்தால், லென்ஸுக்கு மூடி போட்டு, வாரைச் சுற்றி, என் பழைய புடவைத் துணியில் கட்டி வைத்திருக்கிறாய். மறந்தவன் அப்படியா வைப்பான்?

பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கிற அந்த ஈபேர்ட் தளத்தில் உன் பட்டியலையும் தேவியைக் காட்டச் சொன்னேன். மார்ச்சுக்கு அப்புறம் ஒரு காக்கைகூட இல்லை. குர்கானில் காக்கையே இல்லையா? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பத்தாவது படிக்கும்போது உன் பறவை நோட்டை பயாலஜி சார் வாங்கிக்கொண்டு போய் எல்லா வகுப்பிலும் காட்டினார். அவரை இன்றைக்குப் பார்த்தாலும் முதலில் உன்னைத்தான் விசாரிக்கிறார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறான் சார் என்கிறேன். அதையாவது நீ ஃபோனில் நீட்டி முழக்கிச் சொல்லலாம்.

காலையில் கொஞ்ச நேரம் வெளியே போய் வா. அப்பா அன்றைக்குச் சொன்னது அந்த வேலையைப் பற்றித்தான், உன்னைப் பற்றி இல்லை. அவருக்குச் சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியாததா?

குப்பம் மாமா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வாங்கிக் காரக்குழம்பு வைத்தேன். தேவி தொடவில்லை.

உன் குர்கான் பக்கத்து சுல்தான்பூர் ஏரியை மழைக்காலம் முடிந்து அக்டோபரில் திறப்பார்கள் என்று நீதானே சொன்னாய்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாயேன். யாரையாவது கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகவேண்டாம். தனியாகப் போனாலும் பரவாயில்லை, போ. மஞ்சள்மூக்கு நாரை மரத்தில் கூடு கட்டியிருக்கும். அவ்வளவு பெரிய பறவையைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டியதில்லை.

பைனாகுலரைக் கூரியரில் அனுப்பட்டுமா, தீபாவளிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறாயா? அனுப்ப எனக்கு மனசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் போட்டதும் தேதியை அப்பாவுக்கே அனுப்பு, எனக்கு வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டை விடாதே. காலையில் வெளியே போய் வா.

அன்புடன்
அம்மா